பத்து எண்ணியும் சுடாத வண்டி

அந்தக் காலை நினைவுக்கு வரும்போதெல்லாம் முதலில் வருவது வெள்ளைதான். சாமைக் காடு, வரப்பு, ஒற்றைப் பலா மரம் எல்லாவற்றையும் மேகம் மூடியிருக்கிறது. நடுவில் எங்கள் வண்டி மட்டும் கறுப்பாக நிற்கிறது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற தடித்த ரப்பர் குழாயை வலது கையால் பிடித்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறார். நான் வரப்பில் நின்று, முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு, அவர் உதடு அசைவதைப் பார்க்கிறேன். மூன்று தாண்டியது. ஆறு, ஏழு. காட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ மாடு ஓட்டிக்கொண்டு போனார்கள். மாடும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை, மணி மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டே போனது.

“பத்து” என்று கண்ணைத் திறந்தார். “இன்னும் சில்லுனுதான் இருக்குது புள்ள.”

நான் தலையாட்டினேன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எனக்கு எங்கிருந்து தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

அங்கேயே சற்று நிறுத்திக்கொள்கிறேன். கல்யாணம் முடிந்து நான் கொல்லிமலை ஏறிய கதையை இந்தத் தொடரில் போன வாரம் படித்த ராசிபுரத்து வாசகர் ஒருவர், “அந்தக் காலத்தில் மலைமேல் ரோடே கிடையாதே, டிரைவருக்கு அங்கே என்ன வேலை?” என்று கேட்டிருக்கிறார். நான் அளக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கேள்வி நியாயமானது.

தோளில் ஏறி வந்த மோட்டார்

ரோடு கிடையாதுதான். அடிவாரத்தில் காரவள்ளியோடு வண்டித்தடம் முடிந்துவிடும். அதற்கு மேல் கால்தான். இன்று கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஊதிக்கொண்டு ஏறுவதைப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒற்றையடிப் பாதையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மிளகும் வாழைத்தாரும் பலாவும் தலையிலும் தோளிலும் இறங்கும். உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் அதே தோளில் ஏறும்.

சேலத்துப் பக்கத்துக்காரர் ஒருவர் மலைமேல் குண்டனி நாட்டுப் பக்கம் (ஊர்க்கூட்டத்தை அங்கே நாடு என்பார்கள்) காப்பியும் மிளகுமாக ஒரு தோட்டம் போட்டிருந்தார். எங்கள் முதலாளி. தோட்டத்திலிருந்து மலை விளிம்புவரை ஏழெட்டு மைல், ஏற்றமும் இறக்கமுமாகப் போகும். அந்த ஏழெட்டு மைலுக்கு ஒரு மோட்டார் இருந்தால் சுமை ஆட்கள் அடிவாரத்துக்கு இறங்குவதற்கு மட்டும் போதுமே என்று அவருக்கு ஒரு யோசனை. சேலத்தில் யாரோ கழித்துப் போட்ட பழைய வேன் ஒன்றை வாங்கினார். காரவள்ளியில் வைத்து அதைக் கழற்றினார்கள். துண்டு துண்டாக மலை ஏறியது.

இதை நான் பார்க்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்திய சங்கதி. சொன்னவர் சடையக் கவுண்டர். தோட்டத்துச் சுமைக்காரர்களுக்கு அவர்தான் தலைவர். திண்ணனூர் நாட்டுக்காரர், அதிகம் பேசாதவர். ஆனால் இந்தக் கதையை மட்டும் கேட்காமலே சொல்வார். எஞ்சினை மூங்கில் கழிகளில் கட்டித் தொங்கவிட்டுத் தூக்கினார்களாம். இளைப்பாற இறக்கி வைத்த இடத்திலெல்லாம் கீழே இலை பரப்பி, அதன்மேல்தான் வைத்தார்களாம். உள்ளே ஏதோ உயிர் இருக்கிறது, வெறும் மண்ணில் வைக்கக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு எண்ணம்.

அத்தனை சாமானும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. ஒன்றே ஒன்றுதான் உடைந்தது. ரேடியேட்டர் மூடியின்மேல் சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். தண்ணீர் சூடேறச் சூடேற உள்ளே சிவப்பு ஏறும். அதைப் பார்த்துத்தான் எஞ்சின் சரியான சூட்டில் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்வது. ‘இது மெல்லிசு, இவர்களிடம் கொடுக்கக் கூடாது’ என்று அந்த மூடியை முதலாளி தானே வாங்கி, ஆட்கள் தூக்கிவந்த டோலியில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் தூக்கம் வந்து அதன்மேலேயே சாய்ந்துவிட்டார்.

துண்டுகளைச் சேர்த்து வண்டியாக்கச் சேலத்துப் பட்டறையிலிருந்து ஒருவர் கூடவே வந்தார். சேர்த்தார், ஓட்டிக் காட்டினார், மலையிலேயே தங்கிவிட்டார். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். பெயரைச் சொல்ல இந்த வயதிலும் நாக்கு கூசுகிறது. மலை முழுக்க அவரை டிரைவர் என்றுதான் அழைத்தார்கள். வேன் என்ற சொல் அங்கே ஒருவருக்கும் தெரியாது. அது மோட்டார், இவர் டிரைவர், நான் டிரைவரூட்டம்மிணி. ஒரே ஒரு மோட்டார் இருக்கிற மலையில் வேறு பெயர் எதற்கு?

கழுத்தில் கை வைப்பது

கண்ணாடி உடைந்தபின் சூடு பார்க்கக் கைதான் மிஞ்சியது.

பட்டறையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு இது. வண்டி ஏற்றத்தில் கொஞ்ச தூரம் இழுத்தபின் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே மேல் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும். மூன்றுவரை கை பொறுக்க வேண்டும், நாலாவதில் விட்டுவிடத் தோன்ற வேண்டும். அப்படியென்றால் சூடு சரி. ஒன்றிலேயே கையை இழுத்துக்கொண்டால் கொதிக்கப் போகிறது. பத்துவரை சும்மா பிடித்திருக்க முடிந்தால் எஞ்சின் குளிர்ந்து கிடக்கிறது. குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும், புகை கக்கும், சீக்கிரம் தேய்ந்து போகும். பெட்ரோலும் தகரத்தில் அடைத்துத் தலைச்சுமையாக ஏறிய காலம் அது.

அந்தக் குழாயை அவர் வண்டியின் கழுத்து என்பார். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று கழுத்தில் கை வைத்துப் பார்ப்போமே, அதே மாதிரிதான் பார்ப்பார்.

பார்ப்பது எப்போதும் வலது கையால்தான். காலையில் வண்டியைக் கிளப்புமுன் முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் அதே கைதான். இடது கையால் வண்டியின் கழுத்தைத் தொடுவதா? யாரையாவது இடது கையால் திருநீறு பூசச் சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்ப்பார். “கியர் போடறது மட்டும் இடது கைதானுங்களே, அப்ப சாமி குத்தம் இல்லீங்களா?” என்று நான் சீண்டுவேன். அது வேலை செய்கிற கை, இது கும்பிடுகிற கை என்று பதில் வரும். நானும் எட்டாவது வரை படித்த திமிரில் சிரிப்பேன். ஆனால் நான்கூட யாருக்கும் எதையும் இடது கையால் கொடுத்ததில்லை. நாம் எல்லாரும் அப்படி வளர்ந்தவர்கள்தானே.

கோணிச் சாக்கு

எனக்கு மலையில் இரண்டாவது மழைக்காலம் முடிந்து பனி தொடங்கியிருந்தது. அப்போதுதான் அவர் ஒருநாள், “மோட்டாரு சூடே ஏற மாட்டேங்குது” என்றார். எவ்வளவு தூரம் ஓட்டினாலும் பத்துவரை எண்ண முடிகிறதாம்.

மலைக் குளிர்தான் காரணம் என்று எல்லாருக்கும் பட்டது. காலை பத்து மணிக்குக்கூட வாயைத் திறந்தால் புகை வரும் இடத்தில் இரும்பு எப்படிச் சூடேறும்? ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கோணிச் சாக்கைக் கட்டினார். காற்றை மறைத்தால் சூடு தங்கும் என்பது டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழி. அப்புறமும் கை பத்துவரை பொறுத்தது. சாக்கை இரட்டையாக மடித்துக் கட்டினார்.

இப்போது நினைத்தால், வண்டி நன்றாகத்தான் இழுத்தது. சத்தமும் நன்றாகத்தான் இருந்தது. புகையும் கக்கவில்லை. ஆனால் கை சொல்வதைத்தான் அவர் நம்பினார்.

முதலாளி மாதம் ஒருமுறை மேலே வருவார். முன் சீட்டில், இவருக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையும் துண்டுமாக உட்கார்ந்து தோட்டத்துக்கு வருவார். அந்தத் தடவை ஏற்றத்தின் பாதியில் வண்டி புஸ்ஸென்று சீறியது. ரேடியேட்டர் மூடி தெறித்தது. துருத் தண்ணீர் பீச்சியடித்து முதலாளியின் சட்டையெல்லாம் செம்மண் நிறமாகிவிட்டது. சடையக் கவுண்டர் ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடிவந்தார். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும் என்று இவர் குறுக்கே பாய்ந்து தடுத்தார். ஆறும்வரை எல்லாரும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாளி கோபக்காரர் இல்லை. அதனால் அவர் அமைதியாகச் சொன்னது இன்னும் பயமாக இருந்தது. இன்னொரு தடவை இப்படிக் கொதித்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான், எஞ்சின் போனால் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்றார்.

வேலை போனால் வீடும் போகும். தோட்டத்து வீடு அது. இவருக்குப் பட்டறையில் பழைய இடம் இல்லை. ஆனால் நான் அதற்கெல்லாம் பயப்படவில்லை. அந்த மலையை விட்டு இறங்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். காலையில் கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து அடுப்படிவரை போய்விட்டுத் திரும்பும். அப்படி ஒரு வீட்டில் இருந்துவிட்டு நாமக்கல் வெயிலில் போய் எப்படிக் குடியிருப்பது?

பருப்பு வேகாத ஊர்

சூடே ஏறாத எஞ்சின் எப்படிக் கொதிக்கும்? இவருக்கும் புரியவில்லை. ஊருக்கும் புரியவில்லை. எனக்குத்தான் புரிந்த மாதிரி இருந்தது.

மலைக்கு வந்த புதிதில் நான் அழுதது அம்மாவை நினைத்து இல்லை, துவரம்பருப்பை நினைத்துத்தான். தண்ணீர் தளதளவென்று சீக்கிரமே கொதித்துவிடும். பருப்பு மட்டும் வேகாது. உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மலைப்பெண்கள் துவரம்பருப்போடு மல்லுக்கட்டுவதில்லை. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்புமாக நிம்மதியாக இருந்தார்கள். நான்தான் அடிவாரத்துப் பெருமையை விடாமல் விறகைத் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே வண்டியிலும் அப்படித்தான், தண்ணீர் அவசரப்பட்டுக் கொதிக்கிறது, சூடு போதவில்லை என்று சொன்னேன். அவர் என்னைப் பெருமையோடு பார்த்தார். படித்த பெண்டாட்டி அல்லவா! சாக்கை இன்னும் கீழே இறக்கிக் கட்டலாமா என்று யோசித்தார்.

அதே நாட்களில் அவர் அடுப்பிலிருந்து பானையைத் துணி இல்லாமல் இறக்கி வைப்பார். கை சுடாதா என்றால் சிரிப்பார். நானும் ஆம்பிளைக் கை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். உள்ளங்கையில் அவ்வப்போது கொப்புளம் இருக்கும். வண்டி கிளப்புகிற ஹேண்டில் அடித்து வந்தது என்பார். விளக்கெண்ணெய் தடவிவிடுவேன். கை மரத்துப் போகிறது, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றும் சொன்னதுண்டு. ஸ்டியரிங் பிடிக்கிற கை மரத்துப் போகாமல் என்ன செய்யும் என்று இருவருமே விட்டுவிட்டோம்.

இடது கை

இனி அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

என் தங்கைக்குக் கல்யாணம். மிளகு மூட்டைகளோடு என்னையும் மலை விளிம்பில் இறக்கிவிட்டால், சுமைக்காரர்களோடு நான் கீழே போய்விடுவேன். முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அது முதலாளி சீட்டு என்பதால் பின்னால் மூட்டைமேல்தான் உட்கார்ந்து வந்தேன். சடையக் கவுண்டரும் பின்னால்தான் இருந்தார். ஏற்றம் பாதி தாண்டியதும் வண்டியை நிறுத்தி, முதலில் எழுதினேனே, அப்படிக் கழுத்தைப் பிடித்து எண்ணினார். பத்து என்றார். சாக்கை இன்னும் இறக்கிக் கட்ட வேண்டும், ஒரு முனையைப் பிடி என்றார்.

நான் வரப்பிலிருந்து இறங்கி வந்து, சாக்கின் கயிற்றை அந்தப் பக்கம் கொடுக்கக் குனிந்தேன். என் முழங்கை குழாயில் பட்டது. சுரீரென்று இழுத்துக்கொண்டேன்.

“சுடுதுங்க” என்றேன்.

“எங்க சுடுது? குளுருக்கு அப்பிடித் தோணியிருக்கும்” என்று அவர் மறுபடி அதே இடத்தைப் பிடித்துக் காட்டினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் அவர் கைக்குப் பக்கத்திலேயே என் கையை வைத்தேன். ஒன்று என்று நினைக்கும்முன் எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். முடியவில்லை. அவர் கை மட்டும் அங்கே, தூங்குகிற குழந்தைமேல் வைத்த மாதிரி, அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பயம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

“அந்தக் கைய எடுங்க” என்றேன். “இடது கைய வைங்க.”

“இடது கையா?”

“வைங்க.”

அவர் என்னைப் பார்த்தார். இடது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். தயங்கித் தயங்கி, ஏதோ தப்புச் செய்கிறவர் மாதிரி, குழாயைத் தொட்டார். தொட்ட வேகத்தில் கை தானாகத் துள்ளி வந்துவிட்டது.

பிறகு வலது கையை வைத்தார். எடுத்தார். இடது கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வலது. எங்களைச் சுற்றி மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. எதிரே நிற்கிறவர் முகமே மங்கி மங்கித் தெளிந்தது. நடப்பது எதுவும் எங்களுக்கு இல்லை, வேறு யாருக்கோ என்று எனக்குத் தோன்றியது.

சடையக் கவுண்டர் இறங்கி வந்து என்ன என்று கேட்டார். இவர் முதலில் போய், வண்டியைக் கொதிக்க வைத்த அந்தச் சாக்கை அவிழ்த்தார். மடித்து மூட்டைகளுக்கு நடுவே வைத்தார். “மோட்டாருக்கு ஒண்ணும் இல்லீங்க கவுண்டரே” என்றார். “என்ற கைக்குத்தான் ஆகிப்போச்சு.”

முழங்கைக்குக் கீழே அவருக்கு ஒரு வெளுத்த தடம் இருந்தது. தேமல் என்று நான் பூவரசங்காயை அரைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். வரப்போர முள் ஒன்றை ஒடித்து அந்த இடத்தில் குத்தினேன். “குத்திட்டியா?” என்று கேட்டார். ரத்தம் வந்தபிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊசி போட்ட ஊர்

இப்போது தொழுநோய் என்று எழுதுகிறார்கள். அன்று பெருவியாதி என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அவர் பிறந்த ஊரில் ஒருவரை ஊருக்கு வெளியே குடிசை போட்டு வைத்திருந்தார்களாம். தட்டில் சோற்றைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வருவார்களாம். தானும் சின்ன வயதில் அப்படி ஓடி வந்தவன்தான் என்று இறங்குகிற பாதையில் சொன்னார்.

தங்கை கல்யாணத்துக்கு நான் போகவில்லை. நேரே சேலத்து டாக்டரிடம் போனோம். டாக்டர் முழங்கை எலும்போரம் விரலால் நெருடி, நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கிறது என்றார். நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றிப் போட வேண்டும், வாரா வாரம் வர வேண்டும், நோய் நிற்கும், போன உணர்ச்சி திரும்பாது என்றார். பக்கத்தில் இருந்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் ஊர்ப் பயம் என்றும் சொன்னார்.

டாக்டர் சொன்னபடியே நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கியதோடு நின்றது. ஆனால் அது அன்று எங்களுக்குத் தெரியாது.

திரும்பி ஏறும்போது, பாதிப் பாதையில், ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

“நீ பொறந்த ஊட்டுக்குப் போயிரு கண்ணு” என்றார். “உன்ற கையும் இப்பிடி ஆகோணுமா?”

நான் என்ன பதில் சொன்னேன் என்று நல்ல வார்த்தையாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நான் அன்று அழுதுகொண்டே திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். வைது முடித்து மூச்சு வாங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தேன். கொஞ்சம் பொறுத்துப் பின்னால் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

முன் சீட்டு

இப்படிப்பட்ட செய்திக்கு ரோடு தேவையில்லை. முதலாளி அடுத்த தடவை ஏறி வருமுன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. மலை விளிம்பில் டோலியிலிருந்து இறங்கி, பத்தடி தள்ளி நின்று, துண்டால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். செலவுக்குக் கொஞ்சம் தருகிறேன், இருவரும் இறங்கிவிடுங்கள் என்றார்.

இவர் சரி என்று தலையாட்டத் தயாராகிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

சுமைக்காரர்களில் சிலர் அதற்குள் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். சடையக் கவுண்டர் நிறுத்தவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அவர் இப்போது முன்னால் வந்தார்.

“வேற ஆளு இருக்குதுங்களா சாமி?” என்று முதலாளியைக் கேட்டார்.

இருக்கவில்லை. ஏற்கெனவே முதலாளி சேலத்திலிருந்து ஒருவரை அனுப்பிப் பார்த்திருந்தார். அந்த ஆள் பாதி மலையிலேயே மலைக்காய்ச்சலுக்குப் பயந்து திரும்பிவிட்டார்.

“இவரு இறங்கிப் போயிட்டா மறுபடியும் எங்க தோளுதானுங்க” என்றார் கவுண்டர். “அந்த எஞ்சினத் தூக்கினதும் நாங்கதானுங்க. அது சும்மா நிக்கிறதப் பாத்துக்கிட்டு அதும் பக்கத்துலயே நாங்க சுமந்துட்டுப் போக மாட்டமுங்க.”

முதலாளி கடைசியில், சூடு தெரியாத கையை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவான், மறுபடி கொதிக்கவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் இவரைப் பார்த்துக் கேட்கவில்லை, வண்டியைப் பார்த்துக் கேட்டார்.

“நான் பாக்கறேனுங்க” என்றேன்.

எனக்கே அது கேட்காத மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன்.

பொம்பிளை மோட்டாரில் முன்னால் உட்கார்ந்து போவதா என்று முதலாளிக்குக் கூச்சம். அதைவிட, இவருக்குப் பக்கத்தில் தான் உட்கார வேண்டியிருக்கிறதே என்பதுதான் பெரிய கூச்சம். இரண்டையும் எடை போட்டுப் பார்த்தார் போலிருக்கிறது. வேட்டியை மடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். சடையக் கவுண்டர் கை கொடுத்துத் தூக்கிவிட, காலிச் சாக்குகளின்மேல் உட்கார்ந்தார். நான் முன் சீட்டில் ஏறினேன். அதில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. பின்னால் இருந்து பார்க்கிற மலை வேறு, முன்னால் இருந்து பார்க்கிற மலை வேறு. மேகம் கண்ணாடியை நோக்கி வந்து வந்து இரண்டாகப் பிரிந்தது. அத்தனை கலக்கத்திலும் எனக்கு அது பிடித்திருந்தது.

ஏற்றத்தின் பாதியில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை ஓடவிட்டு முன்மூடியைத் திறந்தார். நான் இறங்கிப் போய்க் குழாயை வலது கையால் பிடித்தேன். அவர் எண்ணவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றுவரை பொறுத்தது. நாலாவதில் விட்டேன்.

“சரியா இருக்குதுங்க” என்றேன். “போலாம்.”

அவர் மூடியை இறக்கவில்லை. முதலாளி பார்க்கிறார், கவுண்டர் பார்க்கிறார் என்றும் யோசிக்கவில்லை. என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பினார். இடது கையால்தான் பிடித்தார். சிவந்திருந்த இடத்தை அந்தக் கையின் கட்டைவிரலால் தடவி, அங்கே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“சுடுதா?” என்றேன்.

“சுடுது” என்றார். “நல்லாத் தெரியுது.”

நான் என் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பின்னாலிருந்து முதலாளி, இன்னும் என்ன, வண்டி ஆறிவிடப் போகிறது என்றார்.